லினக்ஸ்ல ஸ்க்ரீன்ல ஒரு பகுதியை மட்டும் எடுக்கிறது எப்படி, சில நேரம் ஏன் கருப்பா வருது

நீங்க கேட்டது இதுதானே: பழைய லேப்டாப்ல லினக்ஸ் மின்ட் இருந்தப்ப ஸ்க்ராட்ங்கற ஸ்க்ரீன்ஷாட் கமாண்டை ஒரு ஷார்ட்கட்ல போட்டு வச்சு, மௌஸால இழுத்து வேண்டிய இடத்தை மட்டும் எடுத்துட்டு இருந்தீங்க, இப்ப புது லேப்டாப்ல உபுண்டு 24.04 போட்டதும் அதே கமாண்ட் எர்ரர் எதுவும் காட்டாம ஓடுது, ஃபைலும் வருது, ஆனா திறந்து பாத்தா அமாவாசை இருட்டு. டிரைவர் போச்சா, இல்ல வேற டூல் போடணுமா?

டிரைவருக்கு ஒண்ணும் ஆகல. உங்க ஸ்க்ரீனை வரையற ஆள் மாறிட்டாரு, அவ்ளோதான். பழைய ஆளுகிட்ட கேட்ட மாதிரியே புது ஆளுகிட்டயும் கேக்கறீங்க, அவர் "தர முடியாது"னு சொல்லாம வெறுங்கையை நீட்டுறாரு. இது புரிஞ்சிடுச்சுன்னா எந்த டூல் எங்க வேலை செய்யும்னு நீங்களே சொல்லிடுவீங்க, அதனால முதல்ல இதை முடிச்சிடறேன்.

மின்ட்ல (சின்னமன் டெஸ்க்டாப்) நீங்க ஓட்டுனது எக்ஸ், ஸ்க்ரீன்ல விண்டோ வரையற பழைய சிஸ்டம். இப்ப நாம எக்ஸ்11னு சொல்ற பதிப்பு 1987ல வந்தது. ஒரே மெஷின்ல ஓடுற ப்ரோக்ராம் எல்லாம் ஒண்ணை ஒண்ணு நம்பிக்கிட்டு இருந்த காலம் அது. கதவே இல்லாத கூட்டுக்குடும்ப வீடு மாதிரி, எந்த ப்ரோக்ராம் வேணா "ரூட் விண்டோவைக் குடு"னு (எல்லா விண்டோவுக்கும் அடியில இருக்கற முழு ஸ்க்ரீன் விண்டோ) கேட்டா மொத்த ஸ்க்ரீனும் கையில வந்துடும், பக்கத்துல பிரவுசர்ல நீங்க பேங்க் பேலன்ஸ் பாத்துட்டு இருந்தாலும் சேத்துதான். ஸ்க்ராட், மெய்ம், இமேஜ்மேஜிக்ல இருக்கிற இம்போர்ட் எல்லாமே இந்த திறந்த வீட்டுல வளந்ததுங்க. அதுக்குப் பதிலா வந்த வேலண்ட் 2008ல ஆரம்பிச்சது, அதுல ஒவ்வொரு ப்ரோக்ராமுக்கும் தனி ரூம், தனிப் பூட்டு. தன் விண்டோவைத் தவிர வேற எதையும் எந்த ப்ரோக்ராமாலயும் பாக்க முடியாது. மொத்தத்தையும் பாக்கற ஒரே ஆள் கம்போசிட்டர், அதாவது உபுண்டுல இருக்கற க்னோம் டெஸ்க்டாப்ல மட்டர், கேடிஇ டெஸ்க்டாப்ல க்வின், ஸ்வே ஓட்டினா ஸ்வேயே. படம் வேணும்னா அவர் வழியாதான் போகணும். பழைய ப்ரோக்ராமுக்காக எக்ஸ்வேலண்ட்னு ஒரு மொழிபெயர்ப்பாளரை வச்சிருக்காங்க, ஸ்க்ராட் போய்க் கேக்கறது அந்த ஆளுகிட்டதான், அவர்கிட்ட இருக்கிற ரூட் விண்டோ வெறும் காலி. அந்தக் காலியைத்தான் ஸ்க்ராட் ரொம்ப விசுவாசமா பிஎன்ஜியா சேவ் பண்ணிக் குடுக்குது.

உங்க மெஷின்ல எது ஓடுதுன்னு பாக்க செட்டிங்ஸ்ல சிஸ்டம், அபௌட்னு போய் சிஸ்டம் டீடெயில்ஸைத் திறங்க, விண்டோயிங் சிஸ்டம்னு ஒரு வரி இருக்கும், அதுல எக்ஸ்11 இல்லேன்னா வேலண்ட்னு போட்டிருக்கும். உங்களுது நிச்சயமா வேலண்டாதான் இருக்கும். சில பேர் உடனே "லாகின் ஸ்க்ரீன்ல ஓரத்துல இருக்கிற பல்சக்கரத்தை அமுக்கி உபுண்டு ஆன் எக்ஸார்க் எடுத்துக்கோ, தீந்துது"னு சொல்லுவாங்க (எக்ஸார்க்னா அந்தப் பழைய எக்ஸ்தான்). 24.04ல அது நடக்கும், பொய் இல்ல. ஆனா 25.10ல அந்த எக்ஸார்க் செஷனையே உபுண்டு தூக்கிடுச்சு, அதனால இப்ப அந்தப் பழக்கத்தைப் பிடிச்சுத் தொங்கினா அடுத்த அப்கிரேடுல திரும்ப இதே கேள்வியோட வருவீங்க.

சரி, உபுண்டுல என்ன பண்ணணும்? எதையும் இன்ஸ்டால் பண்ண வேணாம். பிரிண்ட் ஸ்க்ரீன் பட்டனை ஒரு தட்டு தட்டுங்க. க்னோம் 42ல, அதாவது 2022 மார்ச்ல, ஸ்க்ரீன்ஷாட் வேலையை டெஸ்க்டாப்பை நடத்தற க்னோம் ஷெல்லுக்குள்ளயே கொண்டு வந்துட்டாங்க, 24.04ல இருக்கிறது க்னோம் 46. தட்டுன உடனே ஸ்க்ரீன் அப்படியே உறைஞ்சு நிக்கும், நடுவுல ஒரு கட்டம் வரும், அதோட மூலையைப் பிடிச்சு இழுத்து அளவை வச்சுக்கிட்டு என்டர். படம் ரெண்டு இடத்துக்குப் போகும்: பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள்ள ஸ்க்ரீன்ஷாட்ஸ்னு ஒரு ஃபோல்டர்ல ஃபைலா, அதே சமயம் கிளிப்போர்டுலயும். நேரா மெயில்லயோ ஆபீஸ் டாகுமெண்ட்லயோ போய் கண்ட்ரோல் வி அடிச்சா ஒட்டிக்கும். கட்டம் தெரியும்போது எஸ் அடிச்சா பகுதி, சி அடிச்சா மொத்த ஸ்க்ரீன், டபிள்யூ அடிச்சா விண்டோ, பி அடிச்சா மௌஸ் அம்பு படத்துல வரணுமா வேணாமான்னு மாறும்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது, கடைசியா வச்ச கட்டத்தை அது ஞாபகம் வச்சுக்கும். நான் ஆபீஸ்ல புதுசா சேர்றவங்களுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எப்படி ஓட்டறதுன்னு நோட்ஸ் தயார் பண்ற ஆளு, ஒரே ஃபார்மை 30 ஸ்டெப்ல 30 படமா எடுக்கணும், எல்லாம் ஒரே அளவுல இருக்கணும், இல்லேன்னா பக்கத்தைத் திருப்பும்போது படம் குதிக்கிற மாதிரி இருக்கும். ஒரு தடவை கட்டத்தை ஒழுங்கா வச்சுட்டா அப்புறம் பிரிண்ட் ஸ்க்ரீன், என்டர், அடுத்த ஸ்டெப், பிரிண்ட் ஸ்க்ரீன், என்டர், பத்து நிமிஷத்துல வேலை முடிஞ்சுது.

லேப்டாப்ல அந்தப் பட்டன் எங்க இருக்குன்னு தேடறதே ஒரு வேலை. திங்க்பேட்ல நிறைய மாடல்ல வலது பக்கம் ஆல்ட்டுக்கும் கண்ட்ரோலுக்கும் நடுவுல ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும், சிலதுல எஃப்என் சேத்து அமுக்கணும். சுத்தமா இல்லேன்னா செட்டிங்ஸ், கீபோர்டு, ஷார்ட்கட்ஸ்ல போய் ஸ்க்ரீன்ஷாட் பகுதியில உங்க இஷ்டத்துக்கு மாத்திக்கலாம், விண்டோஸ்லேர்ந்து வந்தவங்க சூப்பர் (விண்டோஸ் பட்டன்) ஷிஃப்ட் எஸ் வச்சுக்கறாங்க, கை பழகினது. ஒரு கொசுறு: அந்தப் பட்டன்லயே சிஸ்ஆர்க்யூன்னும் எழுதியிருக்கும், ஆல்ட்டோட சேத்து அமுக்கினா லினக்ஸ் கெர்னலுக்கே நேரடியா உத்தரவு போடற வழி அதுதான், மெஷின் முழுசா தொங்கிட்டா காப்பாத்தறதுக்கு வச்சது. ஆல்ட் பிரிண்ட் ஸ்க்ரீன் அடிச்சா ஒரு விண்டோ மட்டும் படமா வர்றதும் அதே ஜோடிதான். ஆல்ட்டைப் பிடிச்சிருக்கும்போது விரல் வேற எழுத்துல படாம பாத்துக்கோங்க, உபுண்டுல ஆபத்தான நிறைய உத்தரவை முன்னாடியே அடைச்சு வச்சிருக்காங்க, ஆனா எல்லாத்தையும் இல்ல.

மத்த டெஸ்க்டாப் கதையை வேகமா சொல்லிடறேன். கேடிஇல ஸ்பெக்டக்கிள், 2015 கடைசில பழைய கேஸ்நாப்ஷாட்டுக்குப் பதிலா வந்தது, மெட்டா (அதே விண்டோஸ் பட்டன்) ஷிஃப்ட் பிரிண்ட் அடிச்சா நேரா பகுதி எடுக்கற மோடுக்குப் போகும், அங்கயே அம்பு போட, நம்பர் போட, மறைக்க எல்லாம் இருக்கு, என்னைக் கேட்டா இப்ப இருக்கறதுல இதுதான் முழுமையான டூல், எக்ஸ்லயும் வேலண்ட்லயும் ரெண்டுலயும் ஓடும். எக்ஸ்எஃப்சிஇல ஸ்க்ரீன்ஷூட்டர்னு தனியா ஒண்ணு, மைனஸ் ஆர் போட்டு ஷார்ட்கட் வச்சா பகுதி எடுக்கும். உங்க பழைய மின்ட்லயே ஷிஃப்ட் பிரிண்ட் ஸ்க்ரீன் அடிச்சா ஸ்க்ராட் இல்லாமலே பகுதி எடுத்திருக்கலாம், கண்ட்ரோலையும் சேத்து அமுக்கினா ஃபைல் ஆகாம கிளிப்போர்டுக்கு மட்டும் போகும். நிறைய பேருக்குத் தெரியாது.

இப்ப கமாண்ட் பிரியர்களுக்கு. நீங்களும் அந்த ஜாதிதான் போல, அதனால கொஞ்சம் நிதானமாவே சொல்றேன், போன்ல சொல்ற மாதிரி வாயால சொல்லிட்டுப் போறேன், நீங்க இங்கிலீஷ்ல அடிச்சுக்கோங்க. எக்ஸ்ல இருக்கறவங்க ஸ்க்ராட்டை விட மெய்ம் போடறது நல்லது, எம் ஏ ஐ எம். மெய்ம் ஸ்பேஸ் மைனஸ் எஸ், அப்புறம் ஃபைல் பேரு. இழுத்தா பகுதி, இழுக்காம சும்மா ஒரு கிளிக் பண்ணா அந்த விண்டோ மொத்தமா. ஃபைல் பேரு குடுக்கலேன்னா படத்தை அப்படியே வெளில தள்ளும், அதை ஒரு பைப் போட்டு எக்ஸ்கிளிப்புக்கு (கிளிப்போர்டுல போடற டூல்) அனுப்பலாம். அங்கதான் எல்லாரும் வழுக்கி விழுவாங்க: எக்ஸ்ல கிளிப்போர்டு ஒண்ணு இல்ல, ப்ரைமரின்னு ஒண்ணு (செலக்ட் பண்ணிட்டு நடு மௌஸ் பட்டன் அமுக்கினா ஒட்டுமே அது), கிளிப்போர்டுன்னு இன்னொண்ணு. எக்ஸ்கிளிப் சும்மா விட்டா ப்ரைமரில போடும், நீங்க கண்ட்ரோல் வி அடிச்சா பழைய சரக்குதான் வரும். அதனால மைனஸ் செலக்ஷன் கிளிப்போர்டுன்னும், மைனஸ் டி (டார்கெட்டோட டி) போட்டு இமேஜ் ஸ்லாஷ் பிஎன்ஜின்னும் சொல்லியே ஆகணும். அந்த ரெண்டாவதை விட்டா படத்தைக் குப்பை எழுத்துன்னு நினைச்சுக்கும்.

ஐ3 மாதிரி, விண்டோவை ஓடு பதிச்ச மாதிரி தானே அடுக்கற டைலிங் விண்டோ மேனேஜர் ஓட்டறவங்களுக்கு இன்னொரு குழி இருக்கு. ஸ்க்ராட் மைனஸ் எஸ்ஸை டெர்மினல்ல அடிச்சா ஜம்முன்னு வேலை செய்யும், அதையே ஷார்ட்கட்ல போட்டா ஒண்ணுமே நடக்காது. காரணம் சின்னது: நீங்க பட்டனை அமுக்கிட்டு இருக்கற அந்த நொடில கீபோர்டு ஐ3 கையில இருக்கு, ஸ்க்ராட்டும் எஸ்கேப் அடிச்சா நிறுத்தணுமேன்னு கீபோர்டைக் கேக்குது, கிடைக்கல, கோவிச்சுக்கிட்டு போயிடுது. கான்ஃபிக்ல பட்டனைக் கமாண்டோட கட்டற பைண்ட்சிம் வரில அந்த வார்த்தைக்கு அப்புறம் ரெண்டு மைனஸ் போட்டு ரிலீஸ்னு ஒரு வார்த்தை சேத்தா, பட்டன்லேர்ந்து விரலை எடுத்த அப்புறம்தான் கமாண்ட் ஓடும், சரியாயிடும். நான் இதுக்கு ஒரு ராத்திரி முழுக்க முழிச்சிருந்தேன்னு சொன்னா சிரிப்பீங்க.

வேலண்ட்ல ஸ்வே, ஹைப்பர்லேண்ட் மாதிரி ஓட்டறவங்களுக்கு க்ரிம், ஸ்லர்ப்னு ஒரு ஜோடி. ஸ்லர்ப் வேலை கட்டம் போட வைக்கிறது மட்டும், போட்ட கட்டத்தோட எக்ஸ், ஒய், அகலம், உயரம் நாலு நம்பரா துப்பும். க்ரிம் அதை மைனஸ் ஜிக்கு அப்புறம் வாங்கிட்டு படம் எடுக்கும், எடுத்ததை டபிள்யூஎல் காப்பிக்கு (வேலண்டோட எக்ஸ்கிளிப்) தள்ளினா கிளிப்போர்டு. நடுவுல ஸ்லர்ப்பைக் கூப்பிடறதுக்கு டாலர் போட்டு பிராக்கெட், அதை டபுள் கோட்ஸுக்குள்ள வைங்க, இல்லேன்னா நம்பருக்கு நடுவுல இருக்கற ஸ்பேஸ்ல உடைஞ்சு க்ரிம் முழிக்கும். ஆனா ஒரு விஷயம், இந்த ஜோடியை உங்க உபுண்டு க்னோம்ல போட்டு ஓட்டிப் பாக்காதீங்க. க்ரிம் கேக்கற ப்ரோட்டோகால் டபிள்யூஎல்ரூட்ஸ்ங்கற, ஸ்வே மாதிரி கம்போசிட்டர் கட்டறதுக்கான லைப்ரரி பக்கத்துலேர்ந்து வந்தது, மட்டர் அதை ஏத்துக்கல, கம்போசிட்டருக்கு இது தெரியாதுன்னு சொல்லிட்டு நின்னுடும். "வேலண்ட்னா க்ரிம் போடு"ன்னு பொத்தாம்பொதுவா சொல்றவங்க எல்லாம் இதைச் சொல்றதில்ல.

ஃப்ளேம்ஷாட் பத்தி கேக்காம விடமாட்டீங்க. நல்ல டூல்தான், இழுத்த உடனே சுத்தி பட்டன் வட்டமா வரும், அம்பு, 1, 2, 3னு நம்பர் குமிழ், பிக்ஸலாக்கறது எல்லாம் அங்கயே, மௌஸ் வீலை உருட்டினா கோடு தடிக்கும், ரைட் கிளிக்ல கலர். எக்ஸ்ல இருந்தவரைக்கும் நான் வேற எதையும் தொட்டதே இல்ல. க்னோம் வேலண்ட்ல அது போர்ட்டல் (ப்ரோக்ராமுக்கும் டெஸ்க்டாப்புக்கும் நடுவுல இருக்கற அனுமதி வாசல்) வழியா அனுமதி கேட்டுதான் படம் வாங்க முடியும், முதல் தடவை ஒரு டயலாக் வரும், ஷேர் குடுக்கணும். ரெண்டு மானிட்டர் ரெண்டு விதமான ஸ்கேலிங்ல இருந்தா கட்டம் ஒரு இடம், மௌஸ் ஒரு இடம்னு தள்ளி நிக்கறதும் நான் பாத்திருக்கேன். அம்பும் நம்பரும் உங்களுக்குத் தினமும் வேணும்னா போடுங்க, வெறும் பகுதி மட்டும் போதும்னா க்னோம்ல இருக்கறதே போதும்.

மெனு திறந்திருக்கும்போது எடுக்கணுமா? எக்ஸ்ல இது தலைவலி. மெனு திறந்திருக்கற நேரத்துல கீபோர்டை அந்த மெனு பிடிச்சு வச்சுக்கும், பிரிண்ட் ஸ்க்ரீனை எத்தனை தடவை அடிச்சாலும் ஒண்ணும் வராது. ஸ்க்ராட்ல மைனஸ் டி (டிலேயோட டி) 5 போட்டா அஞ்சு செகண்ட் பொறுத்து எடுக்கும், அதுக்குள்ள ஓடிப்போய் மெனுவைத் திறந்து வச்சுக்கிட்டு, மொத்த ஸ்க்ரீனையும் எடுத்து அப்புறமா வெட்டிக்கணும். க்னோம் புது டூல்ல பட்டனைக் கேக்கறதே கம்போசிட்டர்ங்கறதால மெனு அப்படியே திறந்த நிலையில உறையும், அதுக்கு மேல நிதானமா கட்டம் போட்டுக்கலாம். வேலண்டைத் திட்டறவங்க கிட்ட நான் காட்டற முதல் விஷயம் இதுதான்.

இமேஜ்மேஜிக்கோட இம்போர்ட்னு சொன்னேன்ல, அதுல ஒரு கூத்து. ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதி, முதல் வரில எந்த இன்டர்ப்ரெட்டர்னு சொல்ற அந்த ஹாஷ் வரியை மறந்துட்டு நேரா ஓட்டினா, ஷெல் அதைத் தன்னோட கமாண்டுன்னு நினைச்சு "இம்போர்ட் ஓஎஸ்"ங்கற வரியை ஓட்டும். மௌஸ் திடீர்னு கூட்டல் குறியா மாறும், எதுவும் வேலை செய்யாது, பதட்டத்துல எங்கயாவது கிளிக் பண்ணா ஃபோல்டர்ல ஓஎஸ்னு ஒரு ஃபைல் உக்காந்திருக்கும், அது உங்க ஸ்க்ரீன்ஷாட். பக்கத்து சீட்டு பையன் வைரஸ்னு கத்தி லேன் கேபிளைப் பிடுங்கிட்டான் ஒரு நாள்.

நம்ம ஆளுங்களுக்கு ரொம்ப உபயோகமான ஒண்ணைத் தனியா சொல்லணும். பழைய தமிழ் பிடிஎஃப் நிறைய பாமினி மாதிரி பழைய ஃபாண்டுல அடிச்சது, இல்லேன்னா வெறும் ஸ்கேன், அதுலேர்ந்து ஒரு பத்தி காப்பி பண்ணா ஏதோ மந்திரம் மாதிரி வரும். அதுக்கு பகுதி ஸ்க்ரீன்ஷாட்டும், படத்துல இருக்கற எழுத்தைப் படிச்சு டெக்ஸ்டா தர்ற (ஓசிஆர்) டெஸரேக்டும் சேந்தா போதும். டெஸரேக்ட் முதல்ல எச்பில பொறந்தது, 2005ல ஓப்பன் சோர்ஸ் ஆச்சு, உபுண்டுல டெஸரேக்ட் ஓசிஆர் பேக்கேஜோட டி ஏ எம்னு முடியற தமிழ் பேக்கேஜையும் சேத்துப் போட்டுக்கோங்க. பிடிஎஃபை முதல்ல 300 சதவீதம் வரைக்கும் பெருசாக்கிட்டு, அப்புறம் வேண்டிய பத்தியை மட்டும் கட்டம் போட்டு எடுங்க, இந்தப் பெருசாக்கறதை விட்டுட்டு "தமிழ் ஓசிஆர் சரியில்ல"ன்னு சொல்றவங்கதான் அதிகம், எழுத்து பொடியா இருந்தா அது பாவம் என்ன பண்ணும். டெஸரேக்ட், ஃபைல் பேரு, எஸ்டிடிஅவுட், மைனஸ் எல், டி ஏ எம். நடுவுல இங்கிலீஷும் இருந்தா டி ஏ எம் கூட ஒரு பிளஸ் போட்டு இ என் ஜி. காலும் ரகரமும் குழம்பும், அதை மட்டும் கண்ணால ஒரு தடவை பாத்துடுங்க. எக்ஸ்லயும் ஸ்வேலயும் இருக்கறவங்க மெய்ம் அல்லது க்ரிம்லேர்ந்து பைப் போட்டு, ஃபைல் பேருக்குப் பதிலா எஸ்டிடிஇன்னு குடுத்து, ஃபைலே இல்லாம ஒரே ஷார்ட்கட்ல முடிச்சிடலாம்.

எடுத்த படத்தை அனுப்பறதுல ரெண்டு விஷயம். எழுத்து இருக்கற படத்தை பிஎன்ஜியாவே வைங்க, ஜேபெக் ஆக்கினா எழுத்தைச் சுத்தி கொசு மொய்க்கற மாதிரி வரும். வாட்ஸாப்ல அனுப்பினா ஃபோட்டோவா போடாம டாகுமெண்டா போடுங்க. அப்புறம் மறைக்கறது. அக்கவுண்ட் நம்பர், போன் நம்பர் எல்லாம் மங்கலாக்கறதோ பிக்ஸலாக்கறதோ போதாது, அதுலேர்ந்து நம்பரைத் திரும்ப ஊகிக்க வழி இருக்கு, முழுக் கருப்புப் பெட்டியா போட்டு மூடுங்க. எடுக்கும்போதே அந்த இடம் கட்டத்துக்கு வெளிய இருந்தா இன்னும் நல்லது. 2023 மார்ச்ல ஏக்ரோபலிப்ஸ்னு ஒண்ணு வெளில வந்துது, பிக்சல் போனோட மார்க்கப்லயும் விண்டோஸ் 11 ஸ்னிப்பிங் டூல்லயும் படத்தை வெட்டி அதே ஃபைல்ல சேவ் பண்ணா, சின்னப் படத்தை முன்னாடி எழுதிட்டு பழைய படத்தோட வாலை வெட்டாம விட்டுட்டாங்க, வெட்டினதா நினைச்ச பாகத்தை அந்த வால்லேர்ந்து ஆளுங்க திரும்ப எடுத்துட்டாங்க. லினக்ஸ் டூல்ல நடந்தது இல்லதான், ஆனா அதுக்கப்புறம் நான் மொத்தமா எடுத்து வெட்டறதை விட்டுட்டேன், வேண்டிய இடத்தை மட்டும்தான் எடுக்கறது.

எடுக்கறதுக்கு முன்னாடி நோட்டிஃபிகேஷனை டூ நாட் டிஸ்டர்ப்ல போடுங்க, மேல கடிகாரத்தைத் தட்டினா அங்கயே இருக்கு. நான் போடாம எடுத்து, பில்லிங் நோட்ஸ்ல 14ஆம் பக்கத்துல, ஜிஎஸ்டி கட்டத்துக்கு மேலயே "வரும்போது கொத்தமல்லி, அரை கிலோ சின்ன வெங்காயம்"னு வீட்டம்மா மெசேஜ் வந்து உக்காந்திருந்ததை நாலு பேட்ச் ட்ரெயினிங் முடிஞ்சப்புறம்தான் ஒரு பொண்ணு கண்டுபிடிச்சுச்சு.

உங்க பழைய ஸ்க்ராட் ஷார்ட்கட்டை மட்டும் மறக்காம எடுத்துடுங்க, அதுவும் பிரிண்ட் ஸ்க்ரீன்லதான் உக்காந்திருக்குன்னா க்னோமோட டூல் வராது. கீபோர்டு ஷார்ட்கட்ஸ்ல கடைசில கஸ்டம்னு இருக்கும், அங்க போய் அழிச்சுட்டு, ஸ்க்ரீன்ஷாட் பகுதியில பழைய பட்டனை ரீசெட் பண்ணுங்க. அதுக்கப்புறமும் கருப்பா வந்தா விண்டோயிங் சிஸ்டம்னு என்ன காட்டுது, எந்த டூல்ல எடுத்தீங்கன்னு ரெண்டையும் எழுதுங்க, பாக்கலாம்.